குமருவின் மூன்றாவது ஆசை

மானியைக் கொண்டுவந்து மாட்டி முப்பத்தொரு நாள் ஆகிவிட்டது. அது இன்னும் வாயைத் திறக்கவில்லை. கோகிலவாணிக்கு முதல் வாரம் ஆர்வமாக இருந்தது, அடுத்த வாரம் எரிச்சலாக இருந்தது, இப்போது பயமாக இருந்தது.

மானி ஒன்றும் பெரிய எந்திரம் இல்லை. நெற்றியில் கட்டுகிற பட்டை ஒன்று, கட்டில் சட்டத்தில் மாட்டுகிற சோப்புப்பெட்டி அளவு ஒலிபெருக்கி ஒன்று, அவ்வளவுதான். பேச வராதவர்களின் மனதில் எழுகிற ஆசையைப் பிடித்து ஓரிரண்டு சொல்லில் வெளியே சொல்லிவிடும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் விழைவுமானி. நாமக்கல்லில் யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? மானி என்று சுருக்கிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு மாட்டிய பத்தாம் நாளே அது "ஊஞ்சல்" என்றதாம். அவள் அம்மா அன்று தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். கோகிலவாணியும் வாங்கினாள், அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அவள் தம்பி அருள்குமரனுக்கு வயது முப்பத்தேழு. பிறந்ததிலிருந்தே கை கால் அவன் பேச்சைக் கேட்காது, நாக்கும் அப்படித்தான். கண்ணைச் சிமிட்டு என்றால் சிமிட்டும்போது சிமிட்டும், சிமிட்டாதபோது சிமிட்டாது, அதை நம்பி ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. சிரிப்பு ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்கும். சிரித்தால் கட்டிலே குலுங்கும். குமரு, குமரு என்று அவனைச் சுற்றியே கோகிலவாணி நாற்பத்து நான்கு வயதைத் தொட்டுவிட்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சென்னியப்பன் தவறிப்போன பிறகு, பன்னிரண்டு வருடமாக, முட்டைக் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு அவனோடேயே இருக்கிறாள். "எந்தம்பிய உட்டுப்போட்டு ஒரு பொழுது நான் வெளிய தங்குனதில்லைங்க" என்பது அவள் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. அதைச் சொல்லும்போது அவள் முதுகு கொஞ்சம் நிமிரும்.

பயத்துக்குக் காரணம் சட்டம். வாய் பேசாதவர்கள் பேரில் வீட்டார் தங்கள் ஆசையையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ கண்டுபிடித்து, சொந்தச் சொல் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். இனி ஒவ்வொருவரின் வாழ்க்கைத் திட்டத்திலும் அவரே சொன்ன குறிக்கோள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். மானி மாட்டித் தொண்ணூறு நாளுக்குள் வரவில்லை என்றால் பொதுத் திட்டம். பொதுத் திட்டம் என்றால் கூட்டு இல்லம். பக்கத்தில் இருக்கிற கூட்டு இல்லமே நூற்றிருபது கிலோமீட்டர்.

சட்டத்தையும் முழுக்கத் திட்ட முடியாது. குமருவின் பழைய திட்டத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். "சட்டைப் பொத்தானைத் தானே போடுதல்" என்று பதினோரு வருடமாக அதே வரி. அவன் போடுவதோ பனியன்.

"இன்னும் அம்பத்தொம்பது நாள் இருக்குக்கா," என்றாள் பெலிசிட்டா. குமருவின் திட்டத்தை எழுத அரசாங்கம் அனுப்பிய திட்டத் துணை அவள்தான். தூத்துக்குடிக்காரி, இருபத்தொன்பது வயது, இடது கால் முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். அது நடக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் போடும், அவள் வருவது தெரு முனையிலேயே தெரிந்துவிடும்.

"மிசினு பழுதுங்க. வேற குடுங்க."

"ரெண்டு தடவ மாத்தியாச்சு. ஒண்ணு செய்வோம். நாளைக்கு நான் வந்து மூலையில உக்காந்துக்கிடுதேன். என்னைக் கண்டுக்காதீங்க, எப்பவும் போல இருங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து மூலை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோகிலவாணி எப்பவும் போல இருந்தாள். ஆறு மணிக்குக் காப்பி. ஆறேகாலுக்கு இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தல். வியர்க்கும் முன்னே விசிறி, குளிரும் முன்னே போர்வை. ஏழு மணிக்கு முகத்தில் ஒரு மயிர் விடாமல் சவரம். ஏழரைக்குப் பக்திச் சேனல். எட்டுக்கு மிளகு நிறையப் போட்ட பொங்கல். பத்து மணிக்கு எதிர்ப் பட்டறையில் பெயிண்டு அடிக்க ஆரம்பிப்பார்கள், அதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே சன்னல் சாத்தியாகிவிடும். அவள் கை வேலை செய்கிற அழகைப் பார்த்தால் யாரும் அசந்து போவார்கள். பெலிசிட்டாவும் அசந்துதான் போனாள், ஆனால் அவள் முகம் சரியில்லை.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. நாலு மணி நேரத்துல நாப்பத்தொரு விசயம் செஞ்சிருக்கீங்க. அதுல ஒண்ணையாவது அவரு கேட்டாரா?"

"கேக்க வெச்சிருவனுங்களா? அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"அதாங்கா சிக்கல்." பெலிசிட்டா முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவருக்குள்ள பேச்சு ஓடிக்கிட்டேதான் இருக்கு. எல்லாருக்கும் ஓடும். அதை எல்லாம் வெளிய விட்டா மனுசனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு இருக்காது. அதனால மானி ஆசையை மட்டும்தான் வெளிய விடும். எது ஆசைன்னு அது எப்படிக் கத்துக்கும்? ஒரு ஆசை எழும்பணும், கொஞ்ச நேரம் நிக்கணும், கெடைச்சதும் அடங்கணும். எழும்பறதுக்கும் அடங்கறதுக்கும் நடுவுல இருக்கற நேரம்தான் அதுக்குப் பாடம். இங்க அந்த நேரமே இல்லை. எழும்பறதுக்கு முன்னாலயே நீங்க குடுத்துருதீங்க."

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. "அப்போ என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? எந்தம்பியத் தவிக்க உடோணுமா?"

"தவிக்க இல்லக்கா. பசி, தாகம், மருந்து, திருப்பிப் படுக்க வைக்கது, இதுல எதுலயும் கை வைக்கக் கூடாது. அதெல்லாம் தேவை. காப்பி மாதிரி, டிவி மாதிரி சின்ன விசயத்துல ஒரு பத்து நிமிசம் காத்திருங்க. அவரு கேக்கட்டும்."

"உங்களுக்கென்னங்க, சொல்லிப்போட்டுப் போயிருவீங்க. இவன் கண்ணைப் பாத்துக்கிட்டுப் பத்து நிமிசம் யாரு நிக்கறது? உங்களுக்கு ஒரு தம்பி இப்படி இருந்தாத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அந்தச் செயற்கைக் காலைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெலிசிட்டா சிரித்தாள். "எனக்குப் பதினாறு வயசுல கால் போச்சு. எங்க வீட்டுல ஒரே அன்பு, என்னைக் கேக்காமலே திட்டம் போட்டாங்க. துணை இல்லாம நடக்கணும்னு எழுதினாங்க. ஒருத்தராவது கேட்டிருந்தா சொல்லிருப்பேன், நடக்கதெல்லாம் அப்புறம், எனக்கு முதல்ல ஒரு ஸ்கூட்டர் வேணும்னு. அதை ஓட்ட எனக்கு இருபத்திமூணு வயசாச்சு. யாரும் கெட்டவங்க இல்லக்கா. யாரும் கேக்கலை, அவ்வளவுதான்."

அவள் போன பிறகு கோகிலவாணி அரை நாள் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பியை ஆற்றி டம்ளரில் ஊற்றினாள், கட்டிலருகே கொண்டுபோனாள், அங்கேயே நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். குமரு அவளைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். மூன்றாம் நிமிடம், "கெரகம் புடிச்ச மிசினு!" என்று டம்ளரை அவன் வாயில் வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள். கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த கை வலித்தது. எதிர்ப் பட்டறையில் லாரிக்குப் பலகை அடிக்கிற சுத்தியல் சத்தத்தை எண்ணினாள். இருநூறு வரை எண்ணி விட்டுப்போயிற்று. அப்போதுதான் உள்ளே இருந்து ஒரு ஆண் குரல் கேட்டது, யாரோ ஒறம்பரைச் சொந்தம் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"காப்பி," என்றது அந்தக் குரல். பிறகு பொறுமையிழந்து, "காப்பி, காப்பி."

கோகிலவாணி ஓடினாள். அன்றைக்கு அவன் குடித்ததைவிட அவள் கண்ணீரும் கம்பலையுமாகக் கீழே சிந்தியதுதான் அதிகம். குமரு சிரித்த சிரிப்பில் கட்டில் சுவரில் போய் இடித்தது. தெருவுக்குக் கேசரி கொடுக்க அவளிடம் ரவை இல்லை. அரைக் கிலோ கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தாள், கேசரிக்காரி வீட்டில் மட்டும் இரண்டு அதிகமாக வைத்தாள்.

அதற்குப் பிறகு மானியை நிறுத்த முடியவில்லை. அது சொன்னதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. பக்திச் சேனல் ஓடும்போது, "டிவி அணை." பொங்கலை வாயருகே கொண்டுபோனால், "மிளகு வேண்டாம்."

"இருபது வருசமா மிளகுப் பொங்கல்தானடா திங்கறே! அப்பல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான தின்னே?" என்று அவள் கேட்டாள். குமரு அதற்கும் சிரித்தான். அவன் அத்தனை வருடமும் சிரித்தது பொங்கலுக்கா, ஊட்டிவிட்ட அக்காவின் முகத்துக்கா என்று அன்று முழுக்க அவளுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தம்பி என்கிற ஒரு ஆளை நாற்பத்து நான்கு வயதில் புதிதாகப் பழகுவது போல இருந்தது.

பத்து மணிக்கு முன்னால் சன்னலைச் சாத்தப் போனபோது, "சன்னல் தெற" என்றது மானி. திறந்தாள். "வெளிய" என்றது. ஒலிபெருக்கியையும் கழற்றி மாட்டி, சக்கர நாற்காலியில் வைத்து ரோட்டைக் கடந்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே அப்பாவுக்குப் பழக்கமான நல்லசிவம் என்கிற பட்டறைக்காரர் ஒரு லாரி முகப்புக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று வண்டி ஓனரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்.

"பச்சை," என்றது குமருவின் மானி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லசிவம் இடுப்பில் கை வைத்து லாரியைப் பார்த்தார், குமருவைப் பார்த்தார். "அட, தம்பி சொல்றதுதானுங்க சரி! சென்னியண்ணன் பையனுக்கு இப்படியொரு கண்ணா? இத்தன நாளா அந்தச் சன்னலுக்குப் பின்னாலயே கெடந்துட்டானே!" என்றார். லாரிக்குப் பச்சை அடித்தார்கள். அதிலிருந்து தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை பட்டறையில் குமருவுக்கென்று, பெயிண்டுப் புகை எட்டாதபடி தள்ளி ஓரிடத்தில், ஒரு நிழல் ஒதுக்கப்பட்டது.

திட்டக் கூட்டத்தை எண்பத்தைந்தாம் நாள் வைத்தார்கள். யார் யார் வர வேண்டும் என்பதை உரியவரே சொல்ல வேண்டும் என்பது முறை. குமரு நல்லசிவத்தைக் கூப்பிட்டான், அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். பெலிசிட்டா சுவரில் பெரிய தாளை ஒட்டி, நடுவில் குமருவின் படத்தை வரைந்தாள். படம் அவனைப் போல இல்லை. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

கோகிலவாணிக்கு ஒரே ஒரு சொல்தான் வேண்டும். வீடு. மூன்று குறிக்கோளில் ஒன்று அதுவாக இருந்துவிட்டால் குமருவை யாரும் எங்கும் கொண்டுபோக முடியாது. சொல்லை ஊட்டிவிடக் கூடாது என்று பெலிசிட்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஒரு வாரமாகத் தலை துவட்டும்போதெல்லாம், "நம்ம ஊடுதானடா உனக்குப் புடிக்கும், கண்ணு?" என்று காதில் போட்டு வைத்திருந்தாள். அது குற்றமா, அக்காவுக்கு அந்தப் பாத்தியதைகூட இல்லையா என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

"குமரன் அண்ணே, அடுத்த வருசம் உங்க வாழ்க்கையில என்ன இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பெலிசிட்டா பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளுக்கு இணை கிடையாது.

"பட்டறை," என்றது மானி. சற்றுப் பொறுத்து, "பெயிண்டு. நான் சொல்லணும்."

"வண்ணம் பாக்கறதுக்கு ஆளு எடுத்தாச்சுன்னு எழுதிக்கங்கம்மா," என்றார் நல்லசிவம்.

"மீசை," என்றது அடுத்து.

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு மழமழவென்று சிரைத்துவிட்டவள் அவள்தான். "வெச்சுக்கடா சாமி, முறுக்கியே உட்டுக்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. வீடு, வீடு, வீடு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

பெலிசிட்டாவின் கையில் இருந்த திரையில் ஆசையின் வேகத்தைக் காட்டும் கோடு மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று, முதல் இரண்டையும் தாண்டி மேலே போயிற்று.

"அக்கா போகணும்."

கோகிலவாணி அவன் முகத்தைப் பார்த்தாள். தப்பாக வந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

"அக்கா போகணும்," என்றது மானி மறுபடியும், காப்பி கேட்ட அதே குரலில்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பெலிசிட்டா பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றாள்.

"நான் அவனுக்கு என்னங்க கொறை வெச்சேன்? எனக்குன்னு ஒரு கல்யாணம் காச்சி பாத்தனா? மிளகு போட்டதுக்கா? சவரம் பண்ணதுக்கா?"

"தெரியலக்கா. சத்தியமாத் தெரியலை. இதை இப்படியே அனுப்பினா, கூட இருக்கவங்க வேண்டாம்னு சொல்லுதாருன்னு எடுத்துக்கிட்டு இல்லத்துக்கு மாத்திருவாங்க. மாத்தி எழுதினா என் கையெழுத்துப் பொய். ஆனா ஒரு விதி இருக்கு. எந்த ஆசையையும் அனுப்பறதுக்கு முந்தி ஒரு நாள் வாழ்ந்து பாக்கணும். வியாழக்கிழமை, காலையில ஒம்பது மணிக்கு நீங்க கிளம்புங்க, பொழுது சாய வாங்க. நானும் நல்லசிவம் அண்ணாச்சியும் இங்க இருக்கோம். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

"எங்க போறது?"

"உங்களுக்கு எங்க போகணும்னு தோணுதோ அங்க."

கோகிலவாணி குழாயை மூடினாள்.

வியாழக்கிழமை அவள் துரத்தப்பட்டவளைப் போலத்தான் கிளம்பினாள். குமருவைப் பார்த்து, "போறன்டா. சந்தோசமா?" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமலே செருப்பைப் போட்டுக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் முதலில் கண்ணில் பட்ட மோகனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் கொல்லிமலைப் பலாப்பழம் ஒன்றைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். முள் குத்தாமல் இருக்கச் சுற்றியதுதான், ஆனால் பார்க்கப் பச்சைக் குழந்தை மாதிரியே இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கொழந்தை நல்லாத் தூங்குதுங்களா?" என்றார். "தூங்குது, எழுப்பிப்போடாதீங்க, கத்தும்," என்றாள் அந்த அம்மாள் முகம் மாறாமல். முன்னால் இருந்த கல்லூரிப் பெண்ணொருத்தி உண்மையிலேயே குழந்தையைப் படுக்கவைக்கச் சொல்லி எழுந்து தன் இடத்தைக் கொடுக்க வந்துவிட்டாள். கோகிலவாணிக்கு அத்தனை துக்கத்திலும் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

மோகனூரில் காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை வாங்கிக் கொறித்தாள். மணி பதினொன்று. இந்நேரம் பட்டறையில் இருப்பான். பன்னிரண்டு. மதியச் சோறு மசித்திருப்பார்களா? தனக்கு இப்போது என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. இந்த நெற்றியில் பட்டையைக் கட்டினால் முப்பத்தொரு நாள் இல்லை, முந்நூறு நாள் ஆனாலும் மானி வாய் திறக்காது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே பாவமாக இருந்தது. அப்போது பரிசல்காரர், "அக்கரைக்கு ஒரு ஆளு கொறையுது, வாறீங்களாம்மிணி?" என்று கேட்டார். வேண்டாமென்று தலையை ஆட்ட நினைத்தவள் எழுந்து போய் ஏறிவிட்டாள். பரிசல் நடு ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் போட்ட சத்தத்தில் கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முட்டிவரை புடவை நனைந்துபோயிற்று.

வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது மணி ஐந்தே முக்கால். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே கேட்டது.

"அக்கா வரணும்."

கால் நின்றுவிட்டது.

"அக்கா வரணும். அக்கா வரணும்."

நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கதவைத் தள்ளியதும் குமரு அவளைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டுப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நல்லசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார்.

"காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சதுக்கா," என்றாள் பெலிசிட்டா. "நான் பதறிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். உடனே கோடு சர்ருன்னு கீழ விழுந்துருச்சு. கூப்பிட வேண்டாமாம். போன் போடலைன்னதும் திரும்ப மெதுவா ஏறுது. பகல் பூரா சிரிச்ச முகம். எனக்குப் புரியலை. இவரு தவிக்கலை, காத்திருக்காரு. காத்திருக்கது அவருக்குப் புடிச்சிருக்கு."

கோகிலவாணி கட்டிலில் உட்கார்ந்து அவன் முகத்தைத் தடவினாள். "வந்துட்டன்டா. வந்துட்டன். அப்புறம் என்ன?"

மானி அடங்கியிருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டதே. ஆனால் பெலிசிட்டாவின் திரையில் கோடு இறங்கவில்லை, இன்னும் மேலே போயிற்று.

"சொல்லு," என்றது மானி.

"என்னத்தடா சொல்றது?"

"சொல்லு. அக்கா சொல்லு."

அவள் விழித்தாள். நல்லசிவம்தான் மெதுவாக வாயைத் திறந்தார். "அம்மிணி, சென்னியண்ணன் லோடு எறக்கிப்போட்டு வந்தா எங்க உக்காருவாரு? ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருந்தது. இந்தக் கட்டிலில், இதே கால்மாட்டில். அப்பா நாக்பூர், கௌகாத்தி என்று லாரி ஓட்டிவிட்டுப் பத்து நாள், பதினைந்து நாள் கழித்து வருவார். தெரு முனையில் ஆரன் அடிப்பார். கட்டில் குலுங்கும். குளிக்கக்கூடப் போகாமல் குமரு பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரில் மழை, எந்தச் செக்போஸ்டில் சண்டை, எந்த ஓட்டலில் பருப்பில் எறும்பு என்று பொழுது போவது தெரியாமல் சொல்வார். தம்பிக்கு ஆரன் சத்தம்தான் பிடிக்கும் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அப்பா போனபிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை. போகாததால் யாரும் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு பொழுதுகூட அவனை விட்டு நகராமல் இருந்தவள், பன்னிரண்டு வருடத்தில் ஒரு சேதிகூட அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"அட சாமி," என்றாள். "இதுக்கோசரமாடா என்னைப் போகச் சொன்னே? நான் என்னென்னமோ நெனச்சு வெசனப்பட்டுச் செத்தனேடா."

"சொல்லு," என்றது மானி. அதற்கு அழுகையைப் பற்றி அக்கறை இல்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, நனைந்த கால்களை மடக்கி, அப்பா உட்கார்ந்த கால்மாட்டில் வசதியாக உட்கார்ந்தாள். "மோகனூர் பஸ்ஸுல ஏறுனனா, பக்கத்துல ஒரு பொம்பளை. மடியில துணியில சுத்தி ஒரு கொழந்தை. என்ன கொழந்தைன்னு நெனைக்கறே?"

திரையில் கோடு சட்டென்று இறங்கித் தட்டையாகப் போயிற்று. மானி பேச்சை நிறுத்திவிட்டது. பெலிசிட்டா பட்டை நழுவிவிட்டதோ என்று ஒரு கணம் பதறி எழுந்தாள், குமருவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். படிவத்தை எடுத்து மூன்றாம் குறிக்கோளுக்கு நேரே எழுதினாள்: "வாரம் ஒரு நாள் அக்கா வெளியே போகணும். திரும்பி வரணும். வந்து எனக்குச் சொல்லணும்." அதற்குக் கீழே, "வசிக்கும் இடம்" என்ற கட்டத்தில், அக்கா திரும்பி வருகிற வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பலாப்பழத்துக்கு இடம் கொடுக்க அந்தப் பெண் எழுந்த கட்டத்தில் கட்டில் சுவரில் போய் இடித்தது. பரிசல் சுற்றியபோது நல்லசிவமும் சேர்ந்து சத்தம் போட்டார். ஆறு மணிக் காப்பியை அன்றைக்கு ஏழே காலுக்குத்தான் போட்டார்கள். அதுவரை அதை யாரும் கேட்கவில்லை.